பீர் பிரிட்ஜ் மலை ஏறிய ஆடி

பிரிட்ஜை ஓடவிட்ட அன்றைக்கு எங்கள் டீக்கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். வாழைத்தார் வியாபாரம், சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்திருப்பவர். எதிரில் பஜ்ஜிக்கடை போட்டிருக்கும் அக்கா. அவ்வளவுதான், நாலே பேர். மலைக்குக் கீழே, சேந்தமங்கலத்து மெக்கானிக் போனில் மட்டும் இருந்தார், ஆளாக வரவில்லை. எங்கள் மகள், மலையிலேயே இன்னொரு ஊரான அரியூர் நாட்டில், அவளுடைய அம்மாயி, என் மாமியார் வீட்டில் இருந்தாள். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் ஊரான வாழவந்தி நாட்டில் யாரைக் கேட்டாலும், "அன்னைக்கு நானும் அங்கதானே நின்னேன்" என்கிறார்கள். நிற்கவில்லை. நாலு பேர்தான்.

அந்த பிரிட்ஜ் சேந்தமங்கலத்தில் மூடிப்போன ஒரு பாரில் இருந்து வாங்கியது. ஆள் உயரம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் நுரை வழியும் ஒரு பெரிய கிளாஸ் படம் ஒட்டியிருந்தது. வந்த அன்று சாயங்காலமே நகத்தால் சுரண்டினோம், தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தோம். கிளாஸ் போனது, நுரை போகவில்லை. நாங்கள் உள்ளே வைக்கப் போவது மோரும் நன்னாரி சர்பத்தும் பன்னீர் சோடாவும். ஆனாலும் ஊருக்கு அது பீர் பிரிட்ஜ்தான். வண்டியில் இருந்து இறக்கும்போதே பஜ்ஜிக்கடை அக்கா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றது.

"ஏஞ்சாமி, மலைக்கே பார் கொண்டாந்துட்டியா? இனி என் பஜ்ஜியெல்லாம் சைடு டிஷ்ஷா?"

"மோருக்குங்க அக்கா."

"ஆமாமா. முதல்ல எல்லாரும் மோருன்னுதான் ஆரம்பிப்பாங்க."

அக்கா விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு மட்டும் அன்று ராத்திரி போலீஸ் ஜீப் வந்து கடை முன்னால் நிற்பது போலவே ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்படித்தான். எட்டாவதோடு படிப்பு நின்றது, யோசனை மட்டும் நிற்கவே இல்லை. கடைசி பஸ் கொஞ்சம் தாமதமானால் எந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று வரிசையாக நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த பஸ்ஸை நினைத்துப் பயப்பட எனக்கு நியாயமும் இருந்தது. ரெண்டு வருசமாக என் வீட்டுக்காரி அதில்தான் வந்துபோனாள். கீழே ஒரு நூல் மில்லில் வேலை. ஹாஸ்டலில் தங்குவாள். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் பஞ்சுத் தூசியோடு ஏறி வருவாள், திங்கட்கிழமை விடியும்போது இறங்கிப் போவாள். மகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சோறு தின்ன மாட்டாள், வயிறு வலிக்கிறது என்பாள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கடையை நான் ஒருத்தன் பார்த்தேன். டீ, பிஸ்கட், பழம். அருவிக்குப் படியிறங்கி, குளித்து, திரும்ப அத்தனை படியும் ஏறி, கார்களில் எங்கள் வழியாகத் திரும்புகிற ஜனம் கேட்பது ஒன்றே ஒன்று: "கூலிங்கா என்னங்க இருக்கு?" கீழே இருந்து ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் மரத்தூள் போட்டு பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தேன். மலை ஏறி வந்து சேரும்போது பாதி தண்ணீர், மீதி மரத்தூள்.

பிரிட்ஜ் யோசனை அவளுடையது. பாரை மூடுகிறார்கள் என்று மில்லில் கூட வேலை செய்கிறவள் சொன்னாளாம். பணமும் அவளே வைத்திருந்தாள். சேர்த்து வைத்தது என்றாள். மில்லில் ஒரு மாசம் லீவு சொல்லிவிட்டு மேலே வந்தாள். சூப்பர்வைசர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வார். வருகிறேன் என்றால் மறுநாள் காலையில் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். இல்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"பிரிட்ஜ் ஓடுச்சுன்னா நான் இங்க. ஓடலைன்னா அங்க. இதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காதீங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். நானும் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மச்சானும் நானும் போய் ஏற்றினோம். அந்த பாரின் வாட்ச்மேன் நல்ல மனுசன். "படுக்க மட்டும் வெச்சுராதீங்க. கம்ப்ரசர் ஆயில் பைப்புக்குள்ள ஏறிக்கும், அப்புறம் கூலிங்கே வராது" என்றார். போதாதா எனக்கு? நட்டமாகவே நிறுத்தி, கயிறு போட்டு இறுக்கி, நானும் பின்னாலேயே ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சானுக்கு வேறு கவலை, உராய்வு. மலையில் இருந்து எழுபது வளைவும் இறங்குகிற வாழைத்தார் ஒன்றோடு ஒன்று தேய்ந்தால் கறுத்துப்போகும், மண்டிக்காரன் விலையைக் குறைத்துவிடுவான். அதனால் எங்கள் பக்கத்தில் எதை வண்டியில் ஏற்றினாலும் சந்து பொந்தெல்லாம் வாழைச் சருகு திணிப்பார்கள். மச்சான் அதில் பெரிய ஆள். கை நுழைகிற இடத்தில் சருகு இருக்க வேண்டும், சருகு இருக்கிற இடத்தில் கை நுழையக் கூடாது. அதுதான் அவர் கணக்கு. பிரிட்ஜைச் சுற்றிலும் திணித்தார். அடியில் திணித்தார். கண்ணாடிக்கும் கயிற்றுக்கும் நடுவில் மெத்தை மாதிரி வைத்தார். நான் முன்பக்கக் கயிற்றை நாலாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலையாக இருந்தார்.

எழுபது வளைவும் நான் கண்ணை மூடவில்லை. கடை வந்ததும் மச்சான் கீழே குதித்து, பிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாத்துக்க மாப்ள, ஒரு கீறல்? ஒரு கீறல் காட்டு, என் மீசையை எடுத்துக்கறேன்" என்றார். கீறல் இல்லைதான்.

கடைக் கதவு நிலை மட்டும் குட்டை. உள்ளே நுழைக்கும்போது பிரிட்ஜைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது. ரெண்டு மூச்சு விடுகிற நேரம். "சாயாதீங்க, சாயாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பஜ்ஜிக்கடை அக்கா பிரசவம் பார்க்க வருகிற மாதிரி ஓடி வந்தது.

சனி ராத்திரி முழுக்க அதைச் சும்மா நிற்க விட்டோம், ஆயில் இறங்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளித்து, பிரிட்ஜுக்கு மஞ்சள் பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். மச்சானும் வந்துவிட்டார். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றது. நான் பிளக்கைச் சொருகினேன்.

வெளிச்சம் வந்தது! உள்ளே மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேர் என்று ஒரு வெளிச்சம். எங்கள் கடையில் அப்படி ஒரு வெளிச்சம் அதுவரை விழுந்ததே இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் டவுன் கடை மாதிரி மின்னியது. உள்ளே ஒரு ஃபேன் சுற்றி, முகத்தில் காற்று அடித்தது. அடியில் இருந்து உறுமல். என் வீட்டுக்காரி கைதட்டினாள். கல்யாணத்தில்கூட அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஏனுங்க, பாட்டிலை வைங்க, பாட்டிலை வைங்க!"

சோடா, சர்பத், தண்ணீர், முந்தின நாள் உறை ஊற்றிய தயிர்ப் பானை எல்லாம் உள்ளே போனது. ஆடிப் பதினெட்டுக்கு மோர் கரைக்க இன்னும் ரெண்டு வீட்டில் பால் சொல்லி வைத்திருந்தோம். கதவைச் சாத்தினோம். நாலு பேரும் டிவி பார்க்கிற மாதிரி அதற்கு முன்னால் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் காலையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். பக்கத்துப் பலகையில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து இன்னொரு கன்னத்தில் வைத்தேன். ரெண்டும் ஒன்றுதான்.

"கூலிங் ஏற நேரமாகும் மாப்ள" என்றார் மச்சான்.

அப்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். உறுமல் நின்றது. வெளிச்சம் இருக்கிறது, உள் ஃபேன் சுற்றுகிறது, உறுமல் மட்டும் இல்லை. அக்கா மெதுவாக, "தூங்கிருச்சா?" என்றது. கொஞ்ச நேரம் போனது. மறுபடி 'டக்', மறுபடி உறுமல். எனக்கு உயிர் வந்தது. பிறகு மறுபடி 'டக்', நின்றது. என் உயிரும் அதோடு சேர்ந்து நின்று நின்று ஓட ஆரம்பித்தது.

மத்தியானம் வரை நாங்கள் செய்யாதது இல்லை. கரண்ட் குறைவோ என்று ஸ்டெபிலைசரைப் பார்த்தோம்; அதில் எண் சரியாகவே காட்டியது. இருந்தாலும் அக்கா கடையில் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். "என் கிரைண்டர் என்ன பண்ணுச்சு உன் பாரை?" என்று திட்டிக்கொண்டே போய் நிறுத்தியது. உள்ளே ஒரு திருகு இருந்தது, ஒன்றில் இருந்து ஏழு வரைக்கும் எண் போட்டு. ஏழில் வைத்தோம். ஏழுதான் அதிகமா, ஒன்றுதான் அதிகமா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒன்றிலும் வைத்துப் பார்த்தோம். கதவு ரப்பரில் பேப்பரை நுழைத்து இழுத்துப் பார்த்தாள் அவள், இறுக்கமாகவே பிடித்தது. சுவரோடு ஒட்டி நிற்கிறது, மூச்சு முட்டுமோ என்று நாங்கள் மூன்று பேரும் பிடித்து ஒரு முழம் முன்னால் இழுத்தோம்.

இழுத்தபோது நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். அடிப் பாகத்தை மூடும் தகடு பாரிலேயே காணாமல் போயிருந்தது. இருட்டுக்குள் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. குளிர் வெளியே போகாமல் இருக்க வைத்த பஞ்சு போல என்று நினைத்துக்கொண்டேன். நல்லாத்தான் அடைச்சிருக்கான் கம்பெனிக்காரன் என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வேறு வழியில்லாமல் சேந்தமங்கலத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். எங்கள் கடைக்குள் சிக்னல் கிடைக்காது. ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் ஏறி நின்றால் கிடைக்கும். ஆகவே நான் பாலத்தில், என் வீட்டுக்காரி கடை வாசலில், மச்சான் பிரிட்ஜ் பக்கத்தில். அவர் கேட்பதை நான் கத்துவேன், அவள் உள்ளே கத்துவாள், மச்சான் சொல்வது அதே வழியில் திரும்பி வரும். நடுவில் பஜ்ஜிக்கடை, அக்கா தன் பங்குக்கும் ஏதாவது சேர்த்து அனுப்பும்.

"படுக்க வெச்சுக் கொண்டு வந்தீங்களா?" என்றார் மெக்கானிக் எடுத்த எடுப்பில்.

"இல்லீங்க. நானே புடிச்சுட்டு நின்னு வந்தேனுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"உள்ள வைக்கிறப்ப கொஞ்சமே கொஞ்சம் சாஞ்சதுங்க." சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஒரு சாய்ப்புக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. கம்ப்ரசர் சூடா இருக்கான்னு கேளுங்க."

கத்தினேன். பதில் வந்தது: "கையே வைக்க முடியலையாமா! சைடுல இருந்து தொட்டதுக்கே அண்ணன் கையைச் சுட்டுக்கிட்டாரு!"

"மஞ்சள் பத்துப் போடச் சொல்லு" என்றது அக்கா.

"டக்குன்னு சத்தம் வந்து நிக்குதா?"

"ஆமாங்க, காலையில இருந்து அதேதானுங்க."

"சூடு தாங்காம கட் ஆகுது. ஃபேன் சுத்துதான்னு பாக்கச் சொல்லுங்க."

"ஃபேன் சுத்துதா?" என்று கத்தினேன். அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். மச்சான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். "ஜம்முனு சுத்துதாமா! காத்து மூஞ்சியில அடிக்குதாமா!"

"ஃபேன் சுத்துதுன்னா அப்ப கேஸ் போயிருக்குங்க" என்றார் மெக்கானிக். "வளைவுல ஆடின ஆட்டத்துல எங்கயாச்சும் பைப் விட்டிருக்கும். மேல வந்து பாக்க ஆடி முடியட்டும், இப்ப எனக்கு ஆள் இல்ல. அவசரம்னா வண்டியில போட்டு இன்னைக்கே இறக்கிருங்க, நாளைக்குள்ள பாத்துத் தரேன்."

நான் கட்டையில் இருந்து இறங்கினேன். கேஸ் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். வாசலில் நின்றபடி பாட்டில்களைப் பார்த்தாள். அத்தனையும் அந்த வெளிச்சத்தில் பளபளவென்று, வெதுவெதுவென்று நின்றன. பிறகு உள்ளே போய் தயிர்ப் பானையை வெளியே எடுத்து வைத்தாள். அடுத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மில் யூனிஃபார்மைத் தொட்டு ஈரம் பார்த்தாள். அவள் யூனிஃபார்மைத் தொட்டது எனக்குப் பிடரியில் யாரோ அடித்த மாதிரி இருந்தது.

"நாளைக்குள்ள பாத்துத் தரேன்னாருல்ல?" என்றேன்.

"சூப்பர்வைசர் இன்னைக்குச் சாயங்காலம் கூப்பிடுவாருங்க."

மச்சான் மட்டும் தளரவில்லை. ஏற்றி இறக்குவது அவருக்குத் தினப்படி வேலை. வண்டியைப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கினோம், பாட்டிலை எல்லாம் எடுத்தோம். அவர் வண்டியில் கிடந்த சருகை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து சந்தோசமாக ஒரு குரல் வந்தது:

"அட! இங்க நேத்து வெச்சது அப்படியே இருக்கு மாப்ள. ஒரு வேலை மிச்சம்."

என் வீட்டுக்காரி கொடிப் பக்கம் இருந்து திரும்பினாள்.

"எங்கண்ணா வெச்சது?"

"இங்கதான். இந்தப் பைப்பெல்லாம் லொடலொடன்னு ஆடுச்சு. அதான் உள்ளார நல்லா குடுத்து வெச்சேன்."

அவள் ஓடி வந்து அவர் தோளைத் தள்ளிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். டார்ச் கேட்டாள். நான் போனில் வெளிச்சம் போட்டு, பக்கத்தில் நானும் படுத்தேன். கம்பெனிக்காரன் வைத்த பஞ்சு என்று நான் ஆறுதல் பட்டது, மச்சானின் வாழைச் சருகு. அவள் ஒரு பிடி உருவினாள். வந்துகொண்டே இருந்தது. இன்னொரு பிடி. அந்தச் சருகுக்கு நடுவில், இறுக்கிப் பிடித்த பிள்ளை மாதிரி, சின்னதாக ஒரு ஃபேன். அதன் மூன்று இறக்கையும் சருகால் கட்டிப்போட்டது மாதிரி நின்றன.

"ஏண்ணா," என்றாள் அவள் படுத்தபடியே, "இங்க ஒரு ஃபேன் இருக்குதே?"

"ஃபேன் மேலதானே இருக்கு, சுத்துச்சே?"

"அது உள்ளாற. இது வெளிய. ரெண்டு ஃபேனு!"

"ரெண்டு இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா? தாருக்கு ஃபேன் உண்டா?" என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பி, "இறக்கறப்ப சருகையெல்லாம் எடுத்துரு மாப்ளன்னு உன்கிட்டத்தானே சொன்னேன்?"

"சுத்தி இருந்ததை எடுத்தனுங்க மச்சான். வயித்துக்குள்ள வெச்சிருக்கீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

பஜ்ஜிக்கடை அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பீர் பிரிட்ஜுக்கு மூக்கை அடைச்சு மலை ஏத்தி இருக்கானுங்கடி! அது பாவம், மூச்சு விட முடியாம காலையில இருந்து டக்கு டக்குன்னு விக்கிட்டிருக்கு!"

நான் சிரிக்கவில்லை. சருகை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தேன். கம்ப்ரசர் பக்கம் இருந்தவை ஓரம் கருகி முறுகலாகி இருந்தன. நெருப்புப் பிடித்திருந்தால்? கடை, மேலே ஓலைக் கூரைச் சாய்ப்பு, பக்கத்தில் மச்சான் வண்டி, டீசல் டேங்க்... அவள் என் கையில் இருந்ததைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். "புடிக்கலையில்ல? விடுங்க. கையை உள்ள விட்டு மிச்சத்தை எடுங்க. உங்க கைதான் ஒல்லி."

எடுத்தேன். ஒரு துணுக்குகூட விடாமல் எடுத்தேன். அவளுடைய சீப்பால் பைப்புக்குப் பின்னால் இருந்த தகடுகளை மேலிருந்து கீழாக வாரினேன். சருகோடு பார் காலத்துத் தூசியும் பாய் பாயாக வந்தது. ஃபேன் இறக்கையை விரலால் தட்டினேன். லேசாகச் சுற்றியது. சந்தேகத்துக்கு இன்னும் ரெண்டு தடவை தட்டிப் பார்த்தேன்.

பாலத்துக் கட்டைக்கு ஓடிப்போய் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே நேரம் ஆனது. "கேஸ் இருக்கா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். "கம்ப்ரசர் நல்லா ஆறட்டும். ஆறினப்புறம் போடுங்க. பின்னாடி ஃபேன்ல இருந்து சூடா காத்து வந்தா உங்க அதிர்ஷ்டம். வரலைன்னா ஏத்திட்டு வாங்க."

ஆறுகிற வரை அந்தக் கடையில் உட்கார முடியவில்லை. அக்கா பஜ்ஜி கொண்டு வந்தது, மச்சான் மட்டும் தின்றார். நான் கம்ப்ரசரைத் தொடுவதும், கையை எடுப்பதும், வெளியே போய் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். "நீங்க தொட்டுத் தொட்டே அது சூடாவுது" என்றாள் அவள். வெயில் சரிந்து, பனிமூட்டமாக மஞ்சு இறங்க ஆரம்பித்தது. கம்ப்ரசர் என் உள்ளங்கைச் சூட்டுக்கு ஆறியதும் அவளைப் பார்த்தேன். இந்த முறை அவளே பிளக்கைச் சொருகினாள்.

வெளிச்சம். உறுமல். நான் பின்னால் குத்துக்காலிட்டு, அடியில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கை ரோமம் அசைந்தது. காற்று. சாதாரணக் காற்று. அப்புறம் வெதுவெதுப்பு. அப்புறம் அடுப்பு வாயில் இருந்து வருவது போல நல்ல, திடமான சூடு!

"சூடு!" என்று கத்தினேன். "சூடு வருது! சூடு வருது!"

கூலிங் வேண்டும் என்று காலையில் இருந்து செத்தவன், சூடு வருகிறது என்று குதித்துக்கொண்டிருந்தேன். மச்சான் காலை நீட்டி அந்தக் காற்றில் கெண்டைக்காலைக் காட்டி, "ஆமா மாப்ள, ஒத்தடம் குடுக்கற மாதிரி இருக்கு" என்றார். 'டக்' வருமா, 'டக்' வருமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. உறுமல் ஒரே சீராகப் போனது, பாட்டில்களை மறுபடி உள்ளே அடுக்கினோம். உள்ளே பின் சுவரில் ஒரு ஓரத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. அவள் கதவைத் திறந்து அதில் விரலை வைத்து, அந்த விரலைக் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்தாள். நான் துள்ளினேன். அக்கா கழுத்தையும் விடவில்லை. "அடி பாவி மகளே!" என்று கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கண்ணாடிக் கதவு வியர்க்க ஆரம்பித்தபோது ஒரு கார் நின்றது. அருவியில் இருந்து திரும்புகிற குடும்பம், தலையெல்லாம் ஈரம். டிரைவர் கண்ணாடியை இறக்கி, நுரைப் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, அது கிடைக்குமா?" என்றார்.

"மோரு!" என்றோம் நாலு பேரும் ஒரே நேரத்தில்.

பானைத் தயிரில் கொஞ்சம் எடுத்து, பிரிட்ஜில் இருந்த சில்லென்ற தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், ஆறு டம்ளர் போனது. அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளை, பல்லு கூசுதும்மா என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை எனக்கு.

கார் போன கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுகிற நேரம். அவள் போனை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள், நானும் கூடவே போனேன். மஞ்சு மூடி, எங்களுக்கே எங்கள் கடை தெரியவில்லை. அந்த வெள்ளை வெளிச்சம் மட்டும் தெரிந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, நாளைக்கு வார தானே?"

"இல்லீங்க சார். நான் வரலீங்க. வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் வந்து நின்னா இடம் இருக்காது."

"யோசிச்சுட்டேனுங்க சார்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம். "அப்ப நீ வாங்கின அட்வான்ஸ் இருக்கே, பதினெட்டாயிரம்? வேலைக்கு வந்தா மாசாமாசம் பிடிச்சிருப்போம். வரலைன்னா கட்டணும்மா."

"கட்டிர்றேனுங்க சார். மாசாமாசம் அனுப்பிடறேன்."

போனை வைத்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாயிரம் என்பது நாங்கள் பாரில் எண்ணிக் கொடுத்த பணம். பிரிட்ஜின் விலை.

"சேத்து வெச்சதுன்னியே புள்ள?"

"சேத்து வெச்சதுன்னு சொன்னதால ராத்திரி கொஞ்சமாச்சும் தூங்கினீங்க. அட்வான்ஸுன்னு சொல்லியிருந்தா?"

"ஓடாமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"மெஷின் முன்னாடி போய் நின்னிருப்பேன். வேற என்ன? வாங்க, தயிரை உள்ள வைக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள்.

ஆடிப் பதினெட்டன்று கூட்டம் எப்படி வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மச்சான் கூட நின்று டம்ளர் கழுவினார், மீசையோடுதான். அந்த வாரமே ஏழாயிரம் அனுப்பினோம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, கார்கள் குறைந்தன. ஐநூறும் ஆயிரமுமாகப் போன் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அனுப்பும் முன்னால் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டாளோ என்று நான் ஒரு முறை வாங்கிப் பார்ப்பேன். இன்று காலையில் போட்டது போக, பாக்கி நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.